கதவைப் பூட்டிக்கொண்டு கேட்ட துஆ

இதைப் படிக்கிற எல்லோருக்கும் என் சலாம். நான் சொல்லப்போவதை உடனே நம்புங்கள் என்று உங்களைக் கேட்கமாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நம்பமாட்டேன். முப்பது வருஷம் மருந்துக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். எல்லோரும் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய மாத்திரையை எடுத்து, இதில் என்ன கோளாறு என்று தேடுவதுதான் என் பிழைப்பு. அந்தப் புத்தி ஆபீஸோடு நிற்கவில்லை. பால் வாங்கினால் தேதியை இரண்டு தடவை பார்ப்பேன். யாராவது சிரித்துப் பேசினால், இவருக்கு என்ன வேண்டுமாம் என்று யோசிப்பேன். அப்படிப்பட்ட ஒருவனுக்கு அல்லாஹ் எப்படிப் பதில் சொன்னான் என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் மனைவி ஜமீலாவுக்கு ஆஸ்துமா. நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் பதினேழு வருஷம் இருந்தோம். ஒவ்வொரு வருஷமும் மரங்கள் பூக்கத் தொடங்கினால் அவளுக்கு வீசிங் ஆரம்பிக்கும். 2006இல் அது கைமீறிப் போனது. ஏப்ரல், மே இரண்டே மாதத்தில் மூன்று தடவை ஆம்புலன்ஸ் வந்தது. மூன்றாவது தடவை அவள் உதடு நீலமானதைப் பார்த்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, இட்லி மாவுப் பாத்திரத்தை மூடச் சொல்லி எனக்குச் சைகை காட்டினாள். பேச மூச்சு இல்லை. அந்த நிலையிலும் மாவு புளித்துவிடுமே என்று அவளுக்குக் கவலை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ரிடையர் ஆக ஒரு மாதம்தான் பாக்கி. இவள் இல்லாமல் ரிடையர் ஆகி நான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

டாக்டர் சொன்னார், இந்த ஊர் ஈரமும் மகரந்தமும் இவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மேற்கே உள்நாட்டில் உயரமான, வறண்ட இடமாகப் பார்த்துக் கொஞ்ச காலம் இருந்து பாருங்கள், எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமுடியாது, ஆனால் சிலருக்கு நன்றாக இருக்கிறது என்று. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, இந்த ஆளுக்கு அங்கே ஏதாவது நிலம் கிலம் இருக்குமோ என்று யோசித்தேன். என் லட்சணம் அதுதான்.

ஜூன் மாதம் வேலையிலிருந்து விடைபெற்று, கலிஃபோர்னியாவில் சான் ரமோனில் இருக்கிற எங்கள் மகள் ஷபானா வீட்டுக்குப் போனோம். அங்கே உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். இணையத்தில் சின்ன ஊர்களைப் பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும் படித்தேன். ஒரு ஊரைப் புகழ்ந்து எழுதியிருந்தால், எழுதியவர் அங்கே வீடு விற்கிறவர் என்று முடிவு கட்டினேன். திட்டி எழுதியிருந்தால், கூட்டம் வரக்கூடாது என்று திட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். இப்படிப் படித்தால் எந்த ஊரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்?

"அத்தா, நீங்க ரொம்ப ஓவரா திங்க் பண்றீங்க" என்றாள் ஷபானா. "நெவாடா சைடுன்னா நான் ஒரே நாள்ல டிரைவ் பண்ணி வந்துருவேன். அம்மாவுக்கு ஏதாவதுன்னா எனக்கு அது முக்கியம்."

ஜமீலா ஒன்றுதான் சொன்னாள். "இஸ்திகாரா தொழுங்க."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முடிவு எடுக்கும் முன் இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் இதை எளிதாக்கு, கெட்டதென்றால் இதை என்னைவிட்டும் என்னை இதைவிட்டும் திருப்பிவிடு என்று அல்லாஹ்விடம் கேட்பதுதான் இஸ்திகாரா. கேட்கவேண்டியது அவ்வளவுதான். ஆனால் நம் ஊர்ப்பக்கம் அதோடு ஒரு வழக்கத்தைச் சேர்த்துவிட்டோம். தொழுதுவிட்டுப் படுத்தால் கனவு வரும், கனவில் பச்சையோ வெள்ளையோ தெரிந்தால் நல்லது, கறுப்போ சிவப்போ தெரிந்தால் வேண்டாம் என்று. தனக்குக் கனவு வராவிட்டால், மார்க்கப் பேணுதலான ஒருவரிடம் சொல்லி நமக்காகத் தொழச் சொல்வோம். நானும் அதைத்தான் செய்தேன். அதிலும் என் புத்தியைக் காட்டினேன்.

என் பட்டியலில் கடைசியாக மூன்று இடங்கள் நின்றன. ஐடஹோவின் தெற்கே ஒரு ஊர், கொலராடோவின் மேற்கே ஒரு ஊர், நெவாடாவின் வடக்கே ஒரு நிலம். ஒருவர் சொன்னதை நம்பமுடியாது என்று மூன்று பேரிடம் கேட்டேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர்கள் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று ஏ, பி, சி என்று மட்டும் சொன்னேன். மருந்தைச் சோதிக்கும்போது எது எந்த மருந்து என்று மறைத்துவைப்போமே, அதே முறை.

முதலில் பிளெய்ன்ஸ்பரோவில் எங்களுக்குத் தொழவைத்த ஹஜ்ரத்துக்குப் போன் செய்தேன். அவர் மறுத்துவிட்டார். "தேவை உங்களுக்கு, நீங்களே கேளுங்க பாய். கனவு வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. விசாரிங்க, நல்லவங்ககிட்ட யோசனை கேளுங்க, அப்புறம் இறங்குங்க. நல்லதுன்னா வழி திறக்கும், இல்லன்னா அடைபடும்." சரியாகத்தான் சொன்னார். நான், ஒரு உதவி கேட்டால் இவர் தட்டிக்கழிக்கிறாரே என்று மனசுக்குள் திட்டினேன்.

இரண்டாவது, ஐசலினில் கடை வைத்திருக்கும் என் நண்பர் சாதிக். அவருக்குக் கனவு வந்தது. கனவில் நான் தனியாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேனாம், அவருக்குக் கொடுக்கவில்லையாம். அது ஏ-யா பி-யா என்று கேட்டேன். அது உன் குணம் என்றார்.

மூன்றாவது, ஊரில் உத்தமபாளையத்தில் இருக்கும் ஜமீலாவின் அக்கா நூர்ஜஹான். நல்ல தொழுகையாளி. சி-க்காகத் தொழுதுவிட்டுப் படுத்த அன்று, வாய்விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த ஒரு கிணற்றைப் பார்த்ததாகச் சொன்னார். சி என்பது நெவாடா நிலம். அதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த நிலம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். சான் ரமோனில் ஒரு வீட்டு விருந்தில் நஜீர் என்ற வியாபாரி அறிமுகமானார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கனிவான பேச்சு, தாடி, நெற்றியில் தொழுத தழும்பு. "அண்ணனுக்கு உத்தமபாளையமா? எங்க அம்மா ஊரு கம்பம்ணே" என்றார். வடக்கு நெவாடாவில் பெரிய நிலம் வாங்கிப் பிரித்துக் கொடுப்பதாகச் சொன்னார். "நம்மாளுங்க பத்துக் குடும்பம் வர்றாங்கண்ணே. தொழுகைக்கு ஒரு ரூம் கட்டிருவோம். காத்து அவ்வளவு டிரையா இருக்கும், மதினிக்கு மூச்சுத் திணறலே வராது."

உலகத்தில் யாரையும் நம்பாத நான் அவரை நம்பினேன். பாலுக்கு இரண்டு தடவை தேதி பார்க்கிறவன், இவரிடம் ஆகஸ்ட் மாதம் அங்கே காற்று எப்படி இருக்கும் என்றுகூடக் கேட்கவில்லை. கம்பமும் உத்தமபாளையமும் பக்கத்துப் பக்கத்து ஊர். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம் ஜமீலாவும் நானும் மட்டும் கார் எடுத்துக்கொண்டு போனோம். மறுநாள் காலை பத்து மணிக்கு நஜீர் நேராக அந்த ஊருக்கு வந்துவிடுவார், பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போடுவது என்று ஏற்பாடு. ஊர் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது பத்துக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

மோட்டலில் சாவி கொடுத்த பெண் எங்கள் லைசென்ஸை வாங்கி அதிக நேரம் பார்த்தாள். ஜமீலாவின் முக்காட்டைப் பார்த்தாள். 2001க்குப் பிறகு எங்களைப் போன்றவர்கள் எப்படி இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். விமானத்தில் ஏறினால் தமிழில் பேசாதே என்று மகளிடம் சொன்ன தகப்பன் நான். அறைக்குள் போனதும் கதவின் சங்கிலியைப் போட்டேன்.

சாயங்காலத்துக்கு முன்பு நிலத்தைப் பார்க்கப் போனோம். ஊரிலிருந்து பதினைந்து மைல் தாண்டி, சரளைக்கல் பாதை. தட்டையான நிலம். சிறிது தூரத்தில் வற்றிப்போன ஒரு பெரிய ஏரி, வெள்ளை வெளேர் என்று தெரிந்தது. அதற்கும் அப்பால் மலை. ஒரு சத்தம் இல்லை. ஜமீலா காரிலிருந்து இறங்கி நின்று மூச்சை இழுத்து விட்டாள். "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கேயே இரண்டு ரக்அத் தொழ நினைத்தேன். திசைகாட்டியை எடுத்தேன். நியூ ஜெர்சியில் வடகிழக்கே திரும்பித் தொழுது பழகிய எனக்கு, இங்கே கிப்லா, அதாவது மக்காவை நோக்கிய திசை, கிட்டத்தட்ட நேர் வடக்கே வந்தது. சந்தேகம் வந்துவிட்டது. காரின் இரும்பு திசைகாட்டி முள்ளை இழுக்கிறதோ என்று ஐம்பதடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து இன்னொரு பக்கம் போய்ப் பார்த்தேன். இப்படி நிலத்தின் நான்கு மூலைக்கும் திசைகாட்டியோடு நடந்தேன்.

அப்போது ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து கொஞ்ச தூரத்தில் நின்றது. எஞ்சின் அணைந்தது. யாரும் இறங்கவில்லை. தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உள்ளே இருந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்துத் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தொழுகையில் மனசு ஒரு நொடிகூட நிற்கவில்லை. வண்டியில் துப்பாக்கி இருக்குமா என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழுகையை முடித்துச் சலாம் கொடுத்துத் திரும்பினால் அவர் பக்கத்தில் வந்து நிற்கிறார். பெயர் டேல், மேலே மலைச்சரிவில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறேன் என்றார். என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார். நிலத்தை அளக்கிறேன் என்று சொன்னேன். தொழுதேன் என்று சொல்ல எனக்குப் பயம். அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு, இங்கே மூன்று பேர் கிணறு தோண்டித் தண்ணீர் இல்லாமல் விட்டுப்போனார்கள், காற்று எழும்பினால் அந்த ஏரியின் உப்புத்தூசி இந்தப் பக்கம்தான் வரும், வாங்காதீர்கள் என்றார். ஜமீலா அவரிடம், எனக்கு ஆஸ்துமா என்றாள். அப்படியென்றால் கண்டிப்பாக வாங்காதீர்கள் அம்மா என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நம்மைப் போன்றவர்கள் இங்கே வரக்கூடாது, அதற்குத்தான் இந்தத் தூசிக் கதை. மோட்டலுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜமீலாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த மனுசன் எதுக்கு நம்மகிட்ட பொய் சொல்லணும்?"

"நஜீர் எதுக்குப் பொய் சொல்லணும்? நம்மாளு."

"நீங்க கம்பெனியில நல்ல மாத்திரையை எல்லாம் குப்பையில போட்டிருப்பீங்க போல. இஸ்திகாரா தொழுதுட்டு பதிலையும் நீங்களே எழுதிக்கிட்டா எப்படிங்க?"

"உங்க அக்கா கிணத்தைப் பாத்தாங்கல்ல?"

"அக்கா வீட்டுக்குப் பின்னாடியே கிணறுதானே இருக்கு. தினம் பாக்குறாங்க."

விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை. காலையில் கையெழுத்துக்கு முன்னால் உன்னை மறுபடி அங்கே கூட்டிப்போகிறேன், தூசி எங்கே இருக்கிறது என்று நீயே காட்டு என்றேன். அரை மணி நேர வேலைதானே என்று, மூச்சுக்கு மருந்தைப் புகையாகக் கொடுக்கும் அவளுடைய நெபுலைசர் மிஷினை மோட்டலிலேயே விட்டுவிட்டேன். இன்ஹேலர் மட்டும் அவள் கைப்பையில் இருந்தது.

காலை எட்டு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். போகும் வழியில் டேலின் பண்ணைக் கேட்டைத் தாண்டினோம். அவர் கேட் பக்கத்தில் நின்று எங்கள் காரையே பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். நிலத்தில் இறங்கியபோது காற்று லேசாகத்தான் இருந்தது. பார், சுத்தமாக இருக்கிறது என்று ஜெயித்தவன் மாதிரி சொன்னேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஏரிப் பக்கம் ஒரு வெள்ளைச் சுவர் தரையிலிருந்து எழும்பியது. நான் அதை மேகம் என்று நினைத்தேன். ஜமீலாதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றுவதற்குள் அது எங்கள் மேல் வந்துவிட்டது. முன்னால் பானட்கூடத் தெரியவில்லை. நாக்கில் உப்புக் கரித்தது. எங்கிருந்து நுழைகிறது என்று தெரியாமல் தூசி உள்ளே வந்தது. அவள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். வீசிங் தொடங்கிவிட்டது. நான் பயத்தில் வண்டியை எடுத்தேன். பாதை தெரியாமல் ஓட்டி, மெத்தென்ற மண்ணில் இறக்கிவிட்டேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் புதைந்தது.

செல்போனில் சிக்னல் இல்லை. இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்தாள், நான்கு தடவை இழுத்தாள், அடங்கவில்லை. பிறகு அந்த நீலம். உதட்டில் அதே நீலம். பிளெய்ன்ஸ்பரோவிலாவது ஆம்புலன்ஸ் வந்தது. இங்கே நானே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, மிஷினையும் விட்டுவிட்டு வந்து, இந்த மண்ணில் உட்காரவைத்திருக்கிறேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். என் மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

எத்தனையோ துஆக்களை, அரபிப் பிரார்த்தனைகளை, மனப்பாடம் செய்தவன் நான். அந்த நேரத்தில் அரபியில் ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. "யா அல்லாஹ், யாரையாவது அனுப்பு. யாரா இருந்தாலும் சரி, அனுப்பு" என்று தமிழில் கத்தினேன். வாழ்நாளில் முதல் தடவையாக நிபந்தனை போடாமல் கேட்டேன்.

தூசிக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. பிக்கப். டேல் இறங்கி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு எங்கள் காரை நோக்கி வந்தார்.

சகோதரர்களே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தச் சாட்சியே பொய். அவர் கை என் கதவை நோக்கி வந்தபோது நான் பூட்டுப் பொத்தானை அழுத்தினேன். நான்கு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. இவன் ஏன் நேற்றிலிருந்து நம் பின்னாலேயே வருகிறான் என்பதுதான் எனக்கு அப்போது வந்த எண்ணம். யாரையாவது அனுப்பு என்று கேட்ட வாய் இன்னும் மூடவில்லை, கை கதவைப் பூட்டிவிட்டது.

ஜமீலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மௌத்தாகும் வரை மறக்கமாட்டேன். பேச மூச்சு இல்லாதவள், என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு, தன் பக்கத்துப் பூட்டை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

டேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கித் தன் வண்டியில் வைத்தார். நான் பின்னால் ஓடி ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டுகூட அவருக்கு அந்தப் பாதை தெரியும் போலிருக்கிறது. மலைச்சரிவில் ஏற ஏறத் தூசி குறைந்தது. அவர் வீட்டு வாசலுக்குப் போனபோது வானம் நீலமாக இருந்தது. கீழே பார்த்தால் அந்த நிலம் இருந்த இடமே தெரியவில்லை, ஒரே வெள்ளை.

அவர் மனைவி மார்லீனுக்கு நுரையீரலில் நெடுநாள் நோய். வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது, நெபுலைசர் இருந்தது. ஜமீலாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அதே மருந்து அங்கே அலமாரியில் இருந்தது. மருந்தின் பெயரைப் படித்துப் பார்த்தேன். அப்போதும், காலாவதித் தேதியைப் பார்க்கிறேன் என்று கண் போனது. மார்லீன் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி மிஷினில் ஊற்றினார். இருபது நிமிஷத்தில் ஜமீலாவின் உதட்டில் நிறம் வந்தது. பிறகு ஆம்புலன்ஸ் வந்து, எழுபது மைல் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த எழுபது மைலை முதலிலேயே போயிருந்தால் அவள் இருந்திருக்கமாட்டாள் என்று அங்கே டாக்டர் சொன்னார்.

பத்து மணி கையெழுத்து எனக்கு மறந்தே போய்விட்டது. கெட்டதென்றால் இதை என்னைவிட்டும் என்னை இதைவிட்டும் திருப்பிவிடு என்று கேட்டேன் அல்லவா? அவன் இரண்டையும் செய்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து, அவளைக் கூட்டிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். டேலிடம் உண்மையைச் சொன்னேன். நான் நிலம் அளக்கவில்லை, தொழுதேன், நீங்கள் சொன்னதை நம்பவில்லை, காரையும் பூட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் எங்கள் கார் நம்பர் எழுதியிருந்தது.

முதல் நாள் நான் திசைகாட்டியோடு நாலு மூலைக்கும் நடந்ததைப் பார்த்து, ஷெரிஃபுக்குப் போன் செய்வதா வேண்டாமா என்று இருந்தாராம். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிகிற ஆள் கெட்டது செய்ய வந்திருக்கமாட்டான், பொறு என்று மார்லீன் தடுத்தாராம். மறுநாள் காலையில் எங்கள் கார் மறுபடி போவதைப் பார்த்ததும், இந்த ஆள் அங்கே என்னதான் செய்கிறான் என்று பார்ப்பதற்காகவே வண்டியை எடுத்தாராம். பாதி வழியில் தூசி எழும்பியிருக்கிறது.

நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைச் சந்தேகப்படாமல் இருந்திருந்தால் அன்றைக்கு யாரும் வந்திருக்கமாட்டார்கள். என் ஜமீலாவைக் காப்பாற்ற அல்லாஹ் ஒரு நல்லவரின் சந்தேகத்தை எடுத்துக்கொண்டான். அவள் இல்லாமல் போயிருந்தால் அதற்குக் காரணம் என்னுடைய சந்தேகமாக இருந்திருக்கும். அங்கேயே மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். டேல் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். ஜமீலாதான் என் முதுகைத் தட்டி, "போதுங்க, அவங்க பயந்துரப் போறாங்க" என்றாள்.

அவர் வீட்டுக்கு அரை மைல் மேலே, ஓடைக்கரையில், அவருடைய இறந்துபோன தம்பியின் வீடு பூட்டிக் கிடந்தது. வேண்டுமானால் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்றார். ஆஹா, இதற்குத்தானா இத்தனையும் என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. பழக்கம் விடுமா? ஜமீலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சிட்டீங்களா" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் இந்தத் தடவை ஹஜ்ரத் சொன்ன மாதிரி செய்தேன். நாங்கள் இருவருமே இஸ்திகாரா தொழுதோம். யாரிடமும் கனவு கேட்கவில்லை. விசாரித்தோம். ஓடையில் கோடையிலும் தண்ணீர் வருமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று அந்த மோட்டல் பெண்ணிடமே போய்க் கேட்டேன். அவளுக்கும் ஆஸ்துமாவாம், முதல் நாள் ஜமீலாவின் கையிலிருந்த இன்ஹேலரைத்தான் பார்த்தாளாம். ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து, எல்லாப் பருவத்தையும் பார்த்த பிறகுதான் வாங்கினோம். மாத்திரையைக்கூட அப்படி வைத்துப் பார்த்துத்தான் கடைக்கு அனுப்புவோம்.

நஜீர் அன்றைக்குப் பத்திர ஆபீஸில் காத்திருந்துவிட்டுக் கோபமாகப் போன் செய்தார். நான் திட்டவில்லை, காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து ஒரு தடவை அங்கே போய் நில்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். போனார். அவரும் படத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார், விற்ற ஆளை நம்பி. மற்றக் குடும்பங்களுக்கு அவரே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு நாள் தங்கிப் போனார். கம்பத்துப் பக்கம் செய்கிற மாதிரி ஜமீலா கறிக்குழம்பு வைத்தாள்.

இப்போது 2009. இந்த மூன்று வருஷத்தில் ஜமீலாவுக்காக ஆம்புலன்ஸ் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ். மருந்தை நிறுத்தவில்லை, இன்ஹேலரும் பையில் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிறோம். வறண்ட காற்று எல்லோருக்கும் மருந்து என்று நான் சொல்லவரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு இரண்டரை மணி நேரம் கார் ஓட்டவேண்டும், பனிக்காலத்தில் அது முடியாது, அந்தக் குறை இருக்கிறது. மற்ற நாளில், மலையில் ஒரு பிளவு தெரியும், அதற்கு நேரே நின்றால் கிப்லா. டேல் வீட்டில் நான் இருக்கும்போது தொழுகை நேரம் வந்துவிட்டால், அவரே நாற்காலியை நகர்த்தி அந்தத் திசையில் இடம் ஒதுக்கித் தருவார்.

எங்கே குடிபோவது, எந்த வேலை, எந்த மாப்பிள்ளை என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிற யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவனிடம் கேளுங்கள். கேட்டபிறகு, பதில் எந்த முகத்தோடு வரவேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஊர்க்காரராகத்தான் வரும், உங்கள் மொழியில்தான் வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். விசாரியுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் கதவை மட்டும் பூட்டாதீர்கள்.

எங்கள் தபால் பெட்டி கீழே பாதையோரம் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்ப நல்ல ஏற்றம். தினமும் இருவரும் இறங்கிப் போய்த் தபாலை எடுத்து வருவோம். இன்றைக்குக் காலையிலும் போனோம். பாதி ஏற்றத்தில் நான் நின்றுவிட்டேன். ஜமீலா தபாலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போய், திரும்பி நின்று, "என்னங்க, இன்னும் அங்கேயே நிக்கிறீங்க?" என்று கத்தினாள். பதில் சொல்ல என்னால் முடியவில்லை. மூச்சு வாங்கியது எனக்குத்தான்.